இரண்டாம் சொடுக்கு

(வெள்ளி விழாவையொட்டிக் குத்துக்கல்வலசையில் நடைபெற்ற கல்வி அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இன்று நமக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு, ‘மடிக்கணினியில் இரண்டாம் சொடுக்கு’ என்பதாகும். தலைப்பைக் கேட்டவுடன் சிலர் புன்முறுவல் பூப்பதைக் காண்கிறோம். வெள்ளி விழா மேடையிலே பேசுவதற்குச் சமுதாய வரலாறு இருக்கிறது; இட ஒதுக்கீடு இருக்கிறது; நில உரிமை இருக்கிறது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு கருவியின்மேல் விரலை எப்படி வைப்பது என்று பேசலாமா என அவர்கள் எண்ணக்கூடும். அவ்வெண்ணத்தில் நியாயம் உண்டு. எனினும் ஒன்றை நினைவூட்ட விரும்புகிறோம். எழுதுகோலைப் பிடிப்பதும் சிறிய செயல்தான். ஒரு குழந்தையின் மூன்று விரல்களைச் சேர்த்துப் பிடித்து, அரைமணி நேரத்தில் அதைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். அந்த அரைமணி நேரத்தைத்தான் பல நூற்றாண்டுகள் நம் முன்னோருக்குக் கொடுக்க மறுத்தார்கள். ஆகவே, சின்னஞ்சிறு செயல்களைச் சிறியவை என்று தள்ளிவிடும் உரிமை நமக்கு இல்லை.

அச்சுப்பொறி நம் நாட்டில் பரவிய காலத்திலே நம் பெரியோர்கள் என்ன செய்தார்கள்? அது பிறருக்கு உரியது என்று ஒதுங்கி நின்றார்களா? இல்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லி இழிவு செய்தார்களோ, அந்தப் பெயரையே இதழின் முகப்பில் அச்சிட்டார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் அவர்கள் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டிலே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். அந்தந்தக் காலத்தில் அறிவைச் சுமந்து வந்த கருவி எதுவோ, அதைத் தயங்காமல் கையில் எடுத்தார்கள் என்பதே அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பாடம். இன்றைக்கு அக்கருவி கணினி.

இக்கருவி நம் வீடுகளுக்கு எளிதில் வந்துவிடவில்லை. 2017–18இல் நாடு முழுவதும் நடத்தப்பெற்ற தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்றிலே, கணினி வைத்திருந்த குடும்பங்கள் நகர்ப்புறத்தில் 23.4 விழுக்காடு எனவும், கிராமப்புறத்தில் 4.4 விழுக்காடு எனவும் கணக்கிடப்பட்டது. நூறு கிராமத்து வீடுகளில் ஐந்து வீட்டில்கூட இல்லை என்பது அதன் பொருள். தமிழ்நாட்டிலே இந்நிலையை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. 2011 செப்டம்பர் 15ஆம் நாள், பேரறிஞர் அண்ணா பிறந்தநாளன்று, முதலமைச்சர் ஜெயலலிதா அவர்கள் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எல்காட் நிறுவனத்தின் வாயிலாக இலட்சக்கணக்கான மடிக்கணினிகள் மாணவர் கைக்கு வந்தன. அத்திட்டம் இடையிலே தடைப்பட்டாலும், 2025 மார்ச்சில் அளிக்கப்பெற்ற வரவு செலவுத் திட்டத்தில், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது.

கருவி வந்துவிட்டது, ஆனால் கருவியோடு சொல்லிக்கொடுப்பவரும் வந்தாரா என்பதே கேள்வி. தந்தையும் அண்ணனும் கணினியில் வேலை செய்யும் வீட்டிலே, பிள்ளை கேட்காமலே எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறது. நம் வீடுகளிலே, முதன்முதலாகக் கணினியைத் திறப்பவரே அந்தப் பிள்ளைதான். அதற்குப் பக்கத்தில் அமர்ந்து, “இப்படி இரண்டு விரலை வை அம்மா” என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? அந்த இடத்தை நிரப்புவதற்காகத்தான் கல்விச் சங்கங்கள் இருக்கின்றன. எனவேதான் இத்தலைப்பு இவ்விழாவுக்குப் பொருத்தமானது என்று கருதுகிறோம்.

சொடுக்கு என்னும் சொல்

பெருவிரலையும் நடுவிரலையும் சேர்த்துத் தட்டி ஒலி எழுப்புவதைச் சொடுக்கு என்கிறோம். பேச்சு வழக்கில் அது சொடக்கு. இச்சொல் நம் பாட்டன்மார் காதிலே எப்படி ஒலித்தது என்பதை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். பெயரைச் சொல்லி அழைக்க மனமில்லாதவர்கள், வயதில் மூத்த உழைப்பாளியைக்கூடச் சொடக்குப் போட்டு அழைத்த காலம் ஒன்று இருந்தது. ஒருவர் விரலின் ஓசைக்கு இன்னொருவர் ஓடி வர வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. சில இடங்களில் அந்த வழக்கத்தின் மிச்சம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

கணினித் தமிழ் வளர்ந்தபோது, சுட்டியின் பொத்தானை அழுத்துவதற்கு இச்சொல்லையே பெயராக வைத்தார்கள். இன்று நம் பேத்தியின் விரல் சொடுக்குகிறது. இயந்திரம் ஓடி வருகிறது. மனிதனை மனிதன் சொடுக்கி அழைக்கும் இழிவு நீங்க வேண்டும். மனிதன் இயந்திரத்தைச் சொடுக்கி வேலை வாங்கும் ஆற்றல் எல்லாருக்கும் வர வேண்டும்.

முதற் சொடுக்கும் இரண்டாம் சொடுக்கும்

சொடுக்கு இரண்டு வகைப்படும். முதற் சொடுக்கு ஆணையிடுவது. ஒரு கோப்பின் மேல் சுட்டு முனையை வைத்து முதற் சொடுக்கைச் செய்தால், கணினி அக்கோப்பைத் தேர்ந்துகொள்கிறது. இருமுறை செய்தால் திறந்து காட்டுகிறது. இரண்டாம் சொடுக்கு வினவுவது. “இந்தப் பொருளை என்னவெல்லாம் செய்யலாம்?” என்று நாம் கேட்கிறோம், கணினி ஒரு பட்டியலை விரித்து விடை சொல்கிறது. திற, வெட்டு, நகலெடு, பெயர் மாற்று, நீக்கு, பண்புகள் என்று அப்பட்டியல் நீளும். கோப்பின்மேல் கேட்டால் ஒரு பட்டியல். எழுத்தின்மேல் கேட்டால் வேறொரு பட்டியல். படத்தின்மேல் கேட்டால் இன்னொன்று. இடத்திற்கேற்ப மாறுவதால் அதனைச் சூழற் பட்டியல் என்பர்.

இதனைப் பலரும் வலச் சொடுக்கு என்றே வழங்குகிறார்கள். சுட்டியின் வலப்பக்கப் பொத்தானால் செய்வதால் அப்பெயர் வந்தது. ஆனால், இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் பொத்தான்களின் பணியை மாற்றி அமைத்துக்கொள்ள விண்டோஸ் இடம் தருகிறது. அவ்வாறு மாற்றியவருக்கு இடப்பக்கப் பொத்தானே பட்டியலைத் திறக்கும். மடிக்கணினியின் தொடுதளத்திலோ பல வேளைகளில் பொத்தானே கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே, இரண்டாம் சொடுக்கு என்று சொல்வதே எல்லாருக்கும் பொருந்தும். இடக்கையால் எழுதும் பிள்ளையை அடித்து வலக்கைக்கு மாற்றும் பழக்கம் நம்மிடையே உண்டு. இயந்திரமே அப்பிள்ளைக்கு இடங்கொடுக்கும்போது, நாம் ஏன் கொடுக்கக் கூடாது?

இது வந்த வழி

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றிய டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர், கணினித் திரையில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட எளிய வழி ஒன்றைச் சிந்தித்தார். அவர் எண்ணத்திற்கு வடிவம் கொடுத்தவர் பில் இங்கிலிஷ் என்னும் பொறியாளர். 1964இல் உருவான அந்த முதற் சுட்டி ஒரு சிறு மரப்பெட்டி; அடியிலே இரண்டு சக்கரங்கள்; மேலே ஒரே ஒரு பொத்தான். 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான்ஃபிரான்சிஸ்கோ நகரில் எங்கல்பார்ட் அதைப் பொதுமக்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டியபோது பொத்தான்கள் மூன்றாகியிருந்தன.

எத்தனை பொத்தான் வேண்டும் என்பதில் அறிஞர்களிடையே நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. 1973இல் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஆல்டோ கணினிக்கு மூன்று பொத்தான்கள். 1983இல் லிசா, 1984இல் மெக்கின்டாஷ் என ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட கணினிகளுக்கு ஒன்றே ஒன்று. புதிதாகப் பழகுபவர் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று குழம்பக் கூடாது என்பது அவர்கள் வாதம். 1995 ஆகஸ்ட் 24ஆம் நாள் வெளியான விண்டோஸ் 95, எந்தப் பொருளின் மேலும் இரண்டாம் பொத்தானை அழுத்தினால் அதற்குரிய பட்டியல் விரியும் என்னும் முறையை உலகெங்கும் பரப்பிற்று. 1997இல் ஆப்பிளும், கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு சொடுக்கினால் பட்டியல் விரியுமாறு செய்தது. ஆகவே இளைஞர்களே, இரண்டாம் சொடுக்கு தெரியவில்லையே என்று ஒருவரும் கூச வேண்டியதில்லை. உலகின் தலைசிறந்த பொறியாளர்களே முப்பது ஆண்டுகள் வாதாடி வந்து சேர்ந்த இடம் இது.

தொடுதளம் எப்படி அறிகிறது?

மடிக்கணினியில் விசைகளுக்குக் கீழே வழவழப்பாக ஒரு நீள்சதுரம் இருக்கிறதல்லவா? டச்பேட் என்று நீங்கள் சொல்லும் அதுதான் தொடுதளம். அதன் மேற்பரப்புக்கு அடியிலே, நெய்த துணியின் பாவும் ஊடும் போல, நெடுக்கிலும் குறுக்கிலும் மெல்லிய மின்கடத்திகள் ஓடுகின்றன. அவற்றில் மிகச் சிறிய மின்னேற்றம் உண்டு. மனித உடல் மின்சாரத்தைக் கடத்தும் தன்மையுடையது. விரல் தளத்தைத் தொட்டவுடன் அவ்விடத்து மின்னேற்றம் சற்றே மாறுகிறது. உள்ளே இருக்கும் சில்லு அம்மாற்றத்தை நொடிக்குப் பலமுறை அளந்து, எத்தனை விரல், எந்த இடம், எவ்வளவு நேரம் என்று கணித்துவிடுகிறது. ஒரு விரல் தட்டினால் முதற் சொடுக்கு. இரு விரல் ஒருசேரத் தட்டினால் இரண்டாம் சொடுக்கு.

நண்பர்களே, இதைச் சொல்லும்போது மனத்தில் எழும் ஓர் எண்ணத்தை மறைக்க இயலவில்லை. தொடாதே என்னும் ஒரு சொல்லை வைத்தே நம்மை நூற்றாண்டுகளாக ஒதுக்கினார்கள். குளத்தைத் தொடாதே, கிணற்றைத் தொடாதே, குவளையைத் தொடாதே என்றார்கள். பொதுச்சாலைகளும் கிணறுகளும் எல்லாருக்கும் உரியவை என்று சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1924இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இந்தத் தளமோ தொட்டால்தான் வேலை செய்கிறது. தொடுகிற விரல் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று அது கேட்பதில்லை. விரலின் மின்தன்மை ஒன்றையே அறிகிறது.

ஆனால், இயந்திரம் பேதம் பாராட்டாது என்பதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் ஏமாந்துவிடலாகாது. அந்த இயந்திரம் இருக்கும் அறைக்குள் யார் நுழைகிறார், அதன் முன்னே எத்தனை மணி நேரம் அமர்கிறார், யாருக்குச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது என்பவற்றை முடிவுசெய்வது மனிதர்களே. பேதம் அங்கேதான் புகுந்துகொள்கிறது. நம் விழிப்பும் அங்கேதான் வேண்டும்.

செய்யும் முறை

இனி, செய்யும் முறையை வரிசையாகக் கூறுவோம். முதலாவதாக, ஒரு விரலைத் தளத்தின் மேல் நகர்த்தி, திரையிலுள்ள சுட்டு முனையை வேண்டிய பொருளின் மேல் நிறுத்துங்கள். பிறகு விரலை எடுத்துவிடுங்கள். இரண்டாவதாக, சுட்டுவிரலையும் நடுவிரலையும் சிறிது இடைவெளியோடு ஒரே நேரத்தில் மெல்லத் தட்டி உடனே எடுங்கள். பட்டியல் விரியும். அழுத்த வேண்டியதில்லை, தேய்க்கவும் கூடாது. இரு விரலையும் வைத்துத் தேய்த்தால் பக்கம் மேலும் கீழும் நகரும். மூன்றாவதாக, பட்டியலில் வேண்டியதை ஒரு விரலால் தேர்ந்தெடுங்கள். வேண்டாமென்றால், எஸ்கேப் விசையை அழுத்துங்கள், பட்டியல் மறைந்துவிடும். ஒரு தீங்கும் நேராது.

பெரும்பாலான விண்டோஸ் மடிக்கணினிகளில், தொடுதளத்தின் வலப்பக்கக் கீழ் மூலையை அழுத்தினாலும் இதே பயன் கிட்டும். தளம் பழுதாகிவிட்டதா? ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எஃப் 10 விசையைத் தட்டுங்கள். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும். பட்டியல் படம் பொறித்த தனி விசையும் பல விசைப்பலகைகளில் உண்டு. ஆப்பிள் கணினியில் இரு விரலால் சொடுக்கலாம். அல்லது கன்ட்ரோல் விசையோடு சொடுக்கலாம். இரு விரலால் தட்டியும் விரியவில்லையென்றால், கணினியின் அமைப்புகளில் தொடுதளம் என்னும் பகுதிக்குச் சென்று, இரு விரல் தட்டல் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2021இல் வெளியான விண்டோஸ் 11இல் பட்டியல் சுருங்கித் தோன்றும்; அதன் அடியில் மேலும் விருப்பங்களைக் காட்டுமாறு கேட்கும் வரியைத் தொட்டால் பழைய முழுப் பட்டியலும் வரும்.

நம் பகுதிக்கென்று இரண்டு குறிப்புகள். குற்றாலத்துச் சாரல் காலத்திலே கையெல்லாம் ஈரமாக இருக்கும். ஈர விரலைத் தளம் சரியாக அறியாது. சுட்டு முனை தாறுமாறாக ஓடும். கையைத் துடைத்துக்கொண்டு அமருங்கள். அடுத்து, வயலிலும் செங்கற் சூளையிலும் உழைத்துக் காய்த்த விரல் உடையவர்கள், தட்டினால் பதியவில்லையே என்று மனம் தளர்கிறார்கள். அது உங்கள் குறையன்று. தோல் தடித்த நுனியால் தட்டாமல், விரலின் சதைப்பற்றான பகுதியைச் சற்றுப் படுக்கையாக வைத்துத் தட்டுங்கள், பதியும். நம் தாய்மார்கள் பலர் பீடி சுற்றுபவர்கள். இலையை நறுக்கித் தூளை இட்டுச் சுருட்டி மடக்கிக் கட்டும் அந்த விரல்களின் நுட்பத்திற்கு முன்னே இரு விரல் தட்டல் ஒரு பொருட்டா?

இதனால் ஆகும் பயன்

நம் மாணவர்களின் வாழ்வில் இது எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்போம். ஒரு மாணவி கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கிறாள் என்று கொள்வோம். இ-சேவை வழியாகப் பெற்ற சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் நீண்ட எண்களைப் பெயராகக் கொண்டு கணினியில் வந்து இறங்குகின்றன. எது எந்தச் சான்றிதழ் என்று தெரிவதில்லை. இரண்டாம் சொடுக்கைச் செய்து, பெயர் மாற்று என்பதைத் தேர்ந்து, ‘சாதிச் சான்று’, ‘வருமானச் சான்று’ என்று பெயரிட்டுவிட்டால் குழப்பம் தீர்ந்தது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பதிவேற்றிவிட்டு, விண்ணப்பம் தள்ளுபடியான பிறகு அழுவதைவிட இது நன்றல்லவா?

பல தேர்வு விண்ணப்பங்களிலே புகைப்படக் கோப்பு 20 முதல் 50 கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். நம்முடைய கோப்பு எவ்வளவு என்று அறிவது எப்படி? இரண்டாம் சொடுக்கு, பட்டியலின் அடியில் பண்புகள். அளவும் வகையும் அங்கே தெளிவாக எழுதப்பட்டிருக்கும். இது தெரியாததால், கடைசி நாள் மாலையிலே கணினி மையத்தின் வாசலில் பணத்தோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! ஒரு நாள் கூலியின் ஒரு பகுதி அங்கே போய்விடுகிறது. பணம் போவதைவிடப் பெரிய இழப்பு, தன் விண்ணப்பத்தைத் தானே செய்யலாம் என்னும் நம்பிக்கை போவது.

ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது ஒரு சொல்லின் கீழே சிவப்புக் கோடு விழுகிறதா? அச்சொல்லின் மேல் இரண்டாம் சொடுக்கைச் செய்யுங்கள். சரியான எழுத்துக்கூட்டல் வரிசையாகத் தோன்றும். பக்கத்தில் எவரும் இல்லாத நேரத்திலும், எள்ளி நகையாடாமல் திருத்தும் ஆசிரியர் அது. ஆங்கில இணையப் பக்கம் புரியவில்லையென்றால், குரோம் போன்ற உலாவிகளில் பக்கத்தின் வெற்றிடத்தில் இரண்டாம் சொடுக்கைச் செய்து மொழிபெயர்க்கக் கேட்கலாம். மொழிபெயர்ப்பிலே பிழைகள் இருக்கும். ஆயினும் பொருளின் சுவடு பிடிபடும்.

இன்னும் ஒன்று உண்டு. அதே பட்டியலில், பக்கத்தின் மூலத்தைக் காண்க என்றொரு வரி இருக்கும். அதைத் தொட்டால், அந்தப் பக்கம் எந்தெந்தக் கட்டளைகளால் கட்டப்பட்டது என்பது அப்படியே தெரியும். வீட்டின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குக் கல்லும் சாந்தும் வைத்த முறை தெரிவது போன்றது இது. மென்பொருள் எழுதுவது எங்கோ கடல்கடந்த நாட்டில் நடப்பதன்று. நம் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையிலே ஜோஹோ நிறுவனத்தார் அலுவலகம் அமைத்து, உலகம் பயன்படுத்தும் மென்பொருளை எழுதுகிறார்கள். கல்லூரிப் பட்டம் கேட்காமல், பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்கும் பள்ளியையும் அந்நிறுவனம் நடத்தி வருகிறது. பேருந்தில் போய்வரும் தூரத்தில் ஒரு கதவு இருக்கிறது. அதைத் தட்டும் துணிவு, இது எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்கும் பழக்கத்திலிருந்தே பிறக்கும்.

எச்சரிக்கைகள்

பயனைச் சொன்ன நாம் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். பட்டியலிலே நீக்கு என்னும் வரி உண்டு. கணினிக்குள் இருக்கும் கோப்பை நீக்கினால், அது பொதுவாக மீட்புத் தொட்டியில் கிடக்கும். அங்கே இரண்டாம் சொடுக்கைச் செய்து மீட்டுவிடலாம். ஆனால், பென் டிரைவிலிருந்து நீக்கினால் விண்டோஸ் கணினியில் அது தொட்டிக்கு வருவதில்லை, போனது போனதுதான். சான்றிதழ்களைப் பென் டிரைவில் மட்டும் வைத்திருப்பவர்கள் இதை நன்றாக மனத்தில் இருத்த வேண்டும். ஒரு நகல் எப்போதும் வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

பொதுக் கணினி மையத்தில் வேலை முடிந்தவுடன், பதிவிறக்கப் பகுதியில் கிடக்கும் உங்கள் சான்றிதழ்களையும் புகைப்படங்களையும் நீக்குங்கள்; மீட்புத் தொட்டியையும் காலி செய்யுங்கள். நம் பெண்பிள்ளைகள் இதில் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும். அறிமுகமில்லாதவர் அனுப்பிய இணைப்பை முதற் சொடுக்கால் உடனே திறந்துவிடாமல், சுட்டு முனையை அதன்மேல் நிறுத்தி, அது எந்த முகவரிக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்வதும் நன்று.

கேட்கப் பழகுதல்

இவ்வளவு நேரம் ஒரு விரலசைவைப் பற்றிப் பேசினோம். அதன் உட்பொருளையும் சிறிது கருதுவோம். முதற் சொடுக்கு மட்டும் தெரிந்தவன், தன் முன்னே வைக்கப்பட்டதை ஏற்றுக்கொள்கிறான். இரண்டாம் சொடுக்குத் தெரிந்தவன், இதில் வேறு என்ன வழி உண்டு என்று கேட்கிறான். பட்டியல் அவனுக்காகப் புதிதாக உண்டாவதில்லை. முன்னமே அங்கு இருந்தது. கேட்காதவனுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

அரசு அலுவலகங்களிலும் இதே நிலைதான். மனு நிலுவையில் இருக்கிறது, பிறகு வா என்பார்கள். முதற் சொடுக்கு மட்டும் தெரிந்தவர் வீடு திரும்பிவிடுவார். 2005இல் நிறைவேறிய தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை அறிந்தவர், 10 ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு மனு எழுதி, என் மனு யார் மேசையில், எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்பார். பொதுவாக 30 நாட்களுக்குள் விடை தர வேண்டும் என்பது சட்டம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. சட்டம் புத்தகத்தில் இருந்தது. கேட்டவருக்கே அது பயன்பட்டது. கல்வி என்பது இப்படிக் கேட்கப் பழகுவதே ஆகும்.

பெரியோர்களுக்கும் இளைஞர்களுக்கும் வேண்டுகோள்

முடிப்பதற்கு முன் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, பெரியோர்களுக்கு. பல ஊர்களிலே சமுதாயப் பணத்தில் வாங்கிய கணினியும், பிள்ளைக்குக் கிடைத்த மடிக்கணினியும் துணி போர்த்தி அலமாரியில் வைத்துப் பூட்டப்படுவதைக் காண்கிறோம். கெட்டுவிடும் என்னும் அச்சத்தை நாம் அறிவோம். அரிதில் கிடைத்த பொருளைக் காக்கும் மனம் அது, பழிக்கத் தக்கதன்று. ஆனால், பூட்டி வைத்தாலும் மின்கலம் கெட்டுத்தான் போகும். பிள்ளையின் பழகும் பருவமும் போய்விடும். தொடாதே என்னும் சொல்லை ஊரார் நமக்குச் சொன்னது போதும். நம் பிள்ளைக்கு நாமே அதைச் சொல்ல வேண்டா.

இரண்டாவது, இளைஞர்களுக்கு. உங்களில் ஒருவர் கற்றதை வீட்டிலுள்ள தாய்க்கும் தங்கைக்கும் முதலில் சொல்லிக்கொடுங்கள். கணினி அண்ணனுக்கு, பாத்திரம் தங்கைக்கு என்னும் பிரிவினை நம் வீட்டில் இருக்குமானால், வெளியே சமத்துவம் பேசும் வாய்க்கு வலிமை இராது. சொல்லிக்கொடுக்கும்போது அவர்கள் கையை விலக்கிவிட்டு நீங்களே செய்து காட்டாதீர்கள். தளத்தின்மேல் அவர்கள் விரலே இருக்கட்டும். பிழைத்தால் மறுபடியும் தட்டட்டும்.

மூன்றாவது, சங்கத்திற்கு. மாலை நேரப் பாடசாலையிலே வாரத்திற்கு ஒரு மணி நேரம் கணினிக்கென்று ஒதுக்குக. அன்று பெரிய பாடம் எதுவும் வேண்டாம். ஒரு கோப்பை உண்டாக்குதல், பெயர் மாற்றுதல், நகலெடுத்தல், அளவு பார்த்தல், நீக்கி மீட்டல் ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு பிள்ளையும் தன் விரலால் செய்து காட்டட்டும். விண்ணப்பக் காலம் வரும்போது, இந்த ஊரில் எந்தப் பிள்ளையும் பிறர் கையை எதிர்பார்த்து நில்லாத நிலை வரட்டும்.

அன்பார்ந்தவர்களே, 25 ஆண்டுகளுக்கு முன்னே சங்கத்தைத் தொடங்கியவர்கள், அரிக்கேன் விளக்கில் படித்தவர்களும் படிக்க முடியாமற் போனவர்களும் ஆவார்கள். தமக்குக் கிடைக்காததைப் பிள்ளைகளுக்குத் தர வேண்டும் என்பதே அவர்கள் கொண்ட உறுதி. அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றி, மலர் வெளியிடுவதோடு முடிந்துவிடுவதன்று. அடுத்த ஆண்டு உதவித்தொகை விண்ணப்பம் திறக்கும் நாளில், குத்துக்கல்வலசைப் பிள்ளைகள் தம் விண்ணப்பங்களைத் தம் கையாலேயே நிரப்பி அனுப்பினார்கள் என்ற செய்தியே அவர்களுக்குச் செலுத்தும் தக்க நன்றியாகும். அச்செய்தி வரும் என்பதே நம் நம்பிக்கை.